சர்க்கரை சென்சாருக்கு ஏற்ற கைபேசியையும் கடிகாரத்தையும் தேர்ந்தெடுப்பது எப்படி?

தொடர் குளுக்கோஸ் சென்சார்களில் பெரும்பாலானவற்றுக்குத் திரை கிடையாது, ஒலிபெருக்கியும் கிடையாது. மேற்கையின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் அந்தச் சிறு வில்லை, தோலுக்கு அடியில் உயிரணுக்களுக்கு இடைப்பட்ட திரவத்திலுள்ள குளுக்கோஸை அளந்து, அந்த எண்ணைப் புளூடூத் வழியாக அனுப்பிவிடுவதோடு தன் கடமையை முடித்துக்கொள்கிறது. நடு இரவில் சர்க்கரை 55-க்குக் கீழே இறங்கினால் உறங்குகிறவரைத் தட்டி எழுப்ப வேண்டிய வேலை முழுக்க முழுக்கக் கைபேசியின் தலையில்தான் விழுகிறது. (எவர்சென்ஸ் போல உடலிலேயே அதிர்ந்து எச்சரிக்கும் டிரான்ஸ்மிட்டர் கொண்டவை இதற்கு விதிவிலக்கு.) ஆகவே இந்தத் தேவைக்காகக் கைபேசி வாங்குகிறவர், கேமராவையும் திரையின் பளபளப்பையும் ஒதுக்கி வைத்துவிட்டு, இது என்னை எழுப்புமா, எழுப்பத் தவறக்கூடிய வழிகள் எவை, அவற்றை என்னால் அடைக்க முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும். கீழே சொல்லப்படும் எல்லாமே அந்தக் கேள்வியைச் சுற்றியவைதான். எண்கள் யாவும் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்ற அளவில் உள்ளன. மில்லிமோல் கணக்கில் பார்த்துப் பழகியவர்கள் 18-ஆல் வகுத்துக்கொள்ளலாம்.

முதலில் சென்சார், அதன் பிறகே கைபேசி

கைபேசியை வாங்கிவிட்டு அதற்கேற்ற சென்சாரைத் தேடுவது தலைகீழான வழி. எந்தச் சென்சார் என்பது மருத்துவரின் பரிந்துரை, இன்சுலின் பம்ப் உண்டா இல்லையா, தோல் எந்தப் பசையைத் தாங்கும் என்பன போன்ற காரணங்களால் முடிவாக வேண்டியது. அது முடிவான பிறகு, அந்தச் சென்சார் நிறுவனம் தன் இணையதளத்தில் வெளியிட்டிருக்கும் இணக்கப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கைபேசியைத் தேட வேண்டும். டெக்ஸ்காம், அபாட், மெட்ட்ரானிக் ஆகிய மூன்று நிறுவனங்களும் அத்தகைய பட்டியலை வெளியிட்டு அவ்வப்போது மாற்றிவருகின்றன. பம்ப் பயன்படுத்துகிறவர்களுக்கு வேலை இரட்டிப்பு: பம்பின் செயலிக்குத் தனிப் பட்டியல் இருக்கும், சென்சாரின் செயலிக்குத் தனிப் பட்டியல் இருக்கும், இரண்டிலும் இடம்பெற்ற கைபேசியைத்தான் வாங்க வேண்டும்.

பட்டியலைப் படிக்கும்போது விற்பனைப் பெயரை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. ஒரே பெயரில் விற்கப்படும் ஆண்ட்ராய்டு கைபேசி, ஒரு சந்தையில் ஒரு சிப்புடனும் வேறு சந்தையில் வேறு சிப்புடனும் வருவதுண்டு; இரண்டுக்கும் மாதிரி எண் வேறு. அமைப்புகளுக்குள் சென்று ‘கைபேசியைப் பற்றி’ என்ற பகுதியைத் திறந்தால் மாதிரி எண்ணும் இயங்குதளப் பதிப்பும் சேர்ந்தே தெரியும். அவ்விரண்டையும் தாளில் எழுதிக்கொண்டு பட்டியலோடு ஒப்பிடுவது நல்லது. செயலிக் கடையில் செயலி இறங்குகிறது என்பதையே இணக்கத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறவர்கள் பலர். நிறுவ முடிவது வேறு, நிறுவனம் அந்த மாதிரியில் எச்சரிக்கை ஒலியைச் சோதித்துப் பார்த்திருப்பது வேறு.

இயங்குதளம் மிகப் பழையதாக இருந்தால் செயலி ஓடாது என்பது யாருக்கும் புரியும். மிகப் புதியதாக இருந்தாலும் சிக்கல்தான் என்பது அவ்வளவு எளிதில் புரிவதில்லை. 2023-இல் ஐஓஎஸ் 17 வெளிவந்தபோது, அதில் புதிதாகச் சேர்க்கப்பட்ட ஸ்டாண்ட்பை (சார்ஜில் கிடைமட்டமாக வைத்தால் திரை மேசைக் கடிகாரம் போல் மாறும்) முறையால் குளுக்கோஸ் எச்சரிக்கைகள் தடைபடக்கூடும் என்று அபாட் நிறுவனமே தன் பயனர்களுக்கு அறிவித்தது. எனவே சென்சாரோடு இணைத்திருக்கும் கைபேசியில் தானியங்கி இயங்குதளப் புதுப்பிப்பை அணைத்து வைத்து, புதிய பதிப்பு இணக்கப் பட்டியலில் ஏறிய பிறகே கையால் புதுப்பிக்க வேண்டும். அன்றுதான் சந்தைக்கு வந்த கைபேசியை முதல் ஆளாக வாங்குவதையும் இதே காரணத்துக்காக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதற்காக அடிமட்டப் பழைய கைபேசியும் உதவாது. சென்சார் செயலிகள் அவ்வப்போது குறைந்தபட்ச இயங்குதளப் பதிப்பை உயர்த்திக்கொண்டே போகின்றன. ஆகவே தயாரிப்பாளர் எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு தருவதாக உறுதி கூறியிருக்கிறார் என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். கூகுள் பிக்சல் 8 வரிசைக்கும் சாம்சங் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கும் ஏழு ஆண்டுகள் என்று அறிவிக்கப்பட்டது. விலை குறைந்த பல மாதிரிகளுக்கு இரண்டோ மூன்றோ ஆண்டுகளோடு முடிந்துவிடும். ஓர் ஆண்டு பழகிய, இன்னும் நான்கைந்து ஆண்டுகள் புதுப்பிப்பு பெறவிருக்கும் நடுத்தரக் கைபேசி இந்த வேலைக்குப் பெரும்பாலும் போதுமானது. இயங்குதளத்துக்குத் தயாரிப்பாளர் போட்ட பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்ட (ரூட் அல்லது ஜெயில்பிரேக் செய்யப்பட்ட) கைபேசிகளை மருத்துவச் செயலிகள் ஏற்பதில்லை என்பதையும், கூகுள் சேவைகள் இல்லாமல் வரும் ஆண்ட்ராய்டு கைபேசிகளில் செயலியை முறைப்படி நிறுவவே வழியில்லாமல் போகலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நாடு என்பதும் இணக்கத்தின் ஒரு பகுதி. ஒரு நாட்டில் விற்கப்பட்ட சென்சார், வேறொரு நாட்டுச் செயலிக் கடைக் கணக்கிலிருந்து இறக்கிய செயலியோடு இணைய மறுப்பது உண்டு. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி அனுப்பும் சென்சாரையோ கைபேசியையோ பயன்படுத்தப் போகிறவர்கள், சென்சாரும் செயலிக் கணக்கும் ஒரே நாட்டைச் சேர்ந்தவையா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என்எஃப்சியும் புளூடூத்தும்

2014-இல் ஐரோப்பாவில் அறிமுகமான அபாட்டின் முதல் ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சார், கருவியை அருகில் கொண்டுபோய்த் தொட்டால் மட்டுமே எண்ணைச் சொல்லும். தொடாவிட்டால் எட்டு மணி நேரத் தரவைத் தன்னுள் வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். லிப்ரே 2-இல் புளூடூத் வழி எச்சரிக்கை வந்தது. லிப்ரே 3 நிமிடத்துக்கு ஒரு முறை தானாகவே எண்ணை அனுப்புகிறது. ஆனாலும் இந்த லிப்ரே சென்சார்களைக் கைபேசியால் தொடங்கி வைப்பதற்கு என்எஃப்சி (தொடும் தூரத்தில் மட்டும் தரவைப் பரிமாறும் கம்பியில்லா முறை) வசதி கட்டாயம் வேண்டும். ஐபோன்களில் 7 முதல் அது உண்டு. ஆண்ட்ராய்டில் விலை குறைந்த மாதிரிகளில் அது விடுபட்டிருப்பது சாதாரணம், அதுவும் ஒரே மாதிரியின் ஒரு வகையில் இருக்கும், இன்னொரு வகையில் இல்லாமலும் போகும். டெக்ஸ்காம் ஜி6, ஜி7 ஆகியவற்றுக்கு என்எஃப்சி தேவையில்லை; குறியீட்டைத் தட்டச்சு செய்தோ படம்பிடித்தோ புளூடூத்திலேயே இணைத்துவிடலாம்.

என்எஃப்சி இருந்தும் சென்சார் படிக்கவில்லை என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் கைபேசியின் தவறான பகுதியைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். ஐபோனில் அந்த ஆன்டெனா மேல் விளிம்பில் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் முதுகுப்புறத்தில், மாதிரிக்கு மாதிரி இடம் மாறும். தடித்த உறையும், காந்தம் பதித்த அட்டைப் பையும் படிப்பதைக் கெடுக்கும்.

புளூடூத்தின் எட்டும் தூரத்தை நிறுவனங்கள் ஜி6-க்கு 6 மீட்டர் என்றும் ஜி7-க்கும் லிப்ரே 3-க்கும் 10 மீட்டர் என்றும் சொல்கின்றன. இவை இடையில் தடை எதுவும் இல்லாதபோது கிடைக்கும் தூரங்கள். மனித உடல் பெரும்பகுதி நீர். புளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் நன்றாக விழுங்கிவிடும். எனக்குச் சில வாரங்கள் இரவுதோறும் ‘சிக்னல் இல்லை’ என்ற எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. சென்சாரைக் குறை சொன்னேன், கைபேசியைக் குறை சொன்னேன். சென்சார் இடக்கையில், கைபேசி கட்டிலின் வலப்புற மேசையில். நான் இடப்புறமாக ஒருக்களித்துப் படுத்தால் சென்சார் மெத்தைக்கும் உடலுக்கும் நடுவே புதைந்து, என் உடம்பு முழுவதும் இடையே சுவராக நின்றது. மேசையை மறுபக்கம் மாற்றி வைத்த அன்றிலிருந்து தொல்லை ஒழிந்தது. புதுக் கைபேசி வாங்குவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்து பார்ப்பது செலவில்லாத காரியம். இணைப்பு அறுந்து ஏறக்குறைய 20 நிமிடம் ஆன பிறகுதான் டெக்ஸ்காமும் லிப்ரேயும் அந்த எச்சரிக்கையைத் தருகின்றன; அந்த 20 நிமிடமும் நமக்குக் கண் தெரியாத நேரம்.

எழுப்புமா, எழுப்பாதா

தேர்வில் மிகுந்த கவனம் வேண்டிய இடம் இதுதான். இங்கே ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் இடையிலான வேறுபாடு வெறும் விருப்பு வெறுப்புச் சார்ந்ததாக இல்லை.

ஐபோனில் 2018-இல் ஐஓஎஸ் 12-உடன் ‘முக்கிய எச்சரிக்கை’ என்ற தனி அனுமதி வந்தது. ஆப்பிளின் ஒப்புதல் பெற்ற செயலிகள் மட்டும் அதைப் பயன்படுத்தலாம். அனுமதி கொடுத்துவிட்டால், கைபேசி அமைதி நிலையில் இருந்தாலும் ‘தொந்தரவு செய்யாதே’ போடப்பட்டிருந்தாலும் அந்த ஒலி வெளியே வரும். செயலியை நிறுவும்போது ஒரே ஒரு முறை கேட்கப்படும் அந்தக் கேள்விக்கு அவசரத்தில் ‘வேண்டாம்’ என்று தட்டிவிட்டு, பிறகு மாதக்கணக்கில் ஒலியில்லாமல் இருக்கிறவர்கள் உண்டு. அமைப்புகள், அறிவிப்புகள், செயலியின் பெயர் என்று வரிசையாகச் சென்று அந்தப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆண்ட்ராய்டில் நிலைமை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுகிறது. பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகப் பின்னணியில் ஓடும் செயலிகளைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடும் வழக்கம் சில தயாரிப்பாளர்களிடம் மிகக் கடுமையாக இருக்கிறது. இரவு 11 மணிக்குச் செயலி ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுப் படுக்கிறோம். கைபேசி யாரும் தொடாமல் ஒரு மணி நேரம் கிடந்ததும் அதை உறங்க வைத்துவிடுகிறது. காலையில் வரைபடத்தில் ஒரு நீண்ட வெற்றிடம் தெரிகிறது. அத்தகைய வெற்றிடம், சென்சார் தன்னிடமிருந்த பழைய தரவைக் கொடுத்துப் பின்னால் நிரம்பிவிடவும் கூடும். ஜி7 24 மணி நேரம் வரையிலான தரவை அப்படி நிரப்பிக் கொடுக்கும். வரைபடம் முழுமையாக இருக்கிறது என்பதால் இரவு முழுவதும் எச்சரிக்கை விழித்திருந்தது என்று முடிவு கட்டக் கூடாது.

ஆண்ட்ராய்டு வாங்குகிறவர் கடையிலேயோ, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள்ளேயோ சில அமைப்புகள் அந்த மாதிரியில் இருக்கின்றனவா, எளிதில் மாற்ற முடிகிறதா என்று பார்த்துவிட வேண்டும். செயலிக்குப் பேட்டரிக் கட்டுப்பாடு இல்லை என்று குறிக்க வேண்டும். பயன்படுத்தாத செயலியின் அனுமதிகளைத் திரும்பப் பெறும் வசதியை அந்தச் செயலிக்கு மட்டும் அணைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 12 முதல் ‘அருகிலுள்ள சாதனங்கள்’ என்ற அனுமதி தேவை. அதற்கு முந்தைய பதிப்புகளில் புளூடூத் தேடலுக்கே இருப்பிட வசதி திறந்திருக்க வேண்டும், அதை அணைத்தால் சென்சாரும் சேர்ந்து தொலைந்துபோகும். ‘தொந்தரவு செய்யாதே’ நிலையை மீறும் அனுமதியைத் தனியாகக் கொடுக்க வேண்டும். பேட்டரி சேமிப்பு முறை 20 விழுக்காட்டில் தானாக இயங்கும்படி இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். இத்தனையும் சரியாக வைத்த பிறகும் இரவில் செயலியைக் கொல்லும் கைபேசி என்றால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவதே அறிவு.

திரையில் வரிசையாகத் தெரியும் செயலிகளை மேலே தள்ளி மூடுவது பலருக்குக் கைப்பழக்கம். குளுக்கோஸ் செயலியை அப்படி மூடினால் எச்சரிக்கையும் அதோடு மூடப்பட்டுவிடும் என்பதை வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

அமைப்புகளைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாமல், ஒலியைக் காதால் கேட்டுத்தான் நம்ப வேண்டும். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. சாப்பிட்ட பிறகு எண் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்து, மேல் எச்சரிக்கையின் வரம்பைத் தற்போதைய எண்ணுக்குச் சற்று மேலே வையுங்கள். 138 காட்டுகிறது என்றால் 150 என்று வைக்கலாம். அந்த எச்சரிக்கைக்கு அமைதி நிலையை மீறும் வசதியை இயக்கிவிட்டு, கைபேசியை அமைதி நிலையில் போட்டு, ‘தொந்தரவு செய்யாதே’யையும் போட்டு, திரையைப் பூட்டி, அடுத்த அறையில் வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். எண் வரம்பைத் தாண்டும்போது ஒலி வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஓர் அனுமதி விடுபட்டிருக்கிறது. சோதனை முடிந்ததும் வரம்பைப் பழைய இடத்துக்கே திருப்பி வைக்க மறக்க வேண்டாம்.

2025 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதே பொருளில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: கைபேசி அமைப்புகள் மாறிப்போவதால் நீரிழிவுக் கருவிகளின் முக்கிய ஒலிகள் வராமல் போகின்றன, மாதத்துக்கு ஒரு முறையாவது அமைப்புகளைச் சரிபாருங்கள், இயங்குதளத்தைப் புதுப்பித்த பிறகும் புதிய துணைக் கருவியை இணைத்த பிறகும் உடனே சரிபாருங்கள் என்று அது கேட்டுக்கொண்டது. துணைக் கருவி என்பதில் பலரும் எதிர்பாராதது இயர்போன். பைக்குள் கிடக்கும் புளூடூத் இயர்போனோ, வேறு அறையிலுள்ள புளூடூத் ஒலிபெருக்கியோ கைபேசியோடு இணைந்த நிலையில் இருந்தால், எச்சரிக்கை ஒலி அங்கே போய் ஒலித்துவிட்டு அடங்கிவிட வாய்ப்பிருக்கிறது. படுக்கப் போகுமுன் அவற்றைத் துண்டித்துவிட வேண்டும்.

ஒலியின் தரமும் தேர்வில் வர வேண்டிய ஒன்றுதான். கைபேசிகளின் ஒலிபெருக்கிகள் ஒரே அளவு உரக்க இருப்பதில்லை. செயலியின் எச்சரிக்கை ஒலியைத் தலையணைக்கு அருகில் வைத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும். உயர்ந்த சுருதியில் கேட்கும் திறன் குறைந்துபோன மூத்தவர்களுக்குக் கீச்சென்ற ஒலியைவிடத் தாழ்ந்த சுருதியே எட்டும். எழுப்ப வேறு ஆள் இல்லாதவர்கள், நிறுவனமே தரும் தனிக் காட்டுகருவியையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். கைபேசியின் அமைப்புகளோடு மல்லுக்கட்ட விருப்பமில்லாத ஒருவருக்கு அந்தத் தனிக் கருவியே போதும் என்று சொல்லவும் நான் தயங்க மாட்டேன்.

பிறர் பார்ப்பதற்கான கைபேசி

டெக்ஸ்காமின் ஃபாலோ செயலியில் பத்துப் பேர் வரையும், லிப்ரேலிங்க்அப் செயலியில் இருபது பேர் வரையும் ஒருவரது எண்களைத் தொலைவிலிருந்து பார்க்க முடியும். அந்த எண்கள் நோயாளியின் கைபேசியிலிருந்து இணையம் வழியாகப் போகின்றன. பிள்ளை பள்ளிக்குப் போகும்போது கைபேசி வீட்டில் இருந்தால் பெற்றோருக்கு எதுவும் தெரியாது. பிள்ளையிடம் கைபேசி இருந்தும் இணையம் இல்லாவிட்டாலும் அப்படியே. எனவே பிள்ளைக்கு வாங்கும் கைபேசி சிறியதாக, உடலோடு கட்டிக்கொள்ளத் தக்கதாக, நாள் முழுவதும் பேட்டரி தாங்குவதாக, தனி சிம் கொண்டதாக இருக்க வேண்டும். பிள்ளைகளுக்காகத் திரை நேரக் கட்டுப்பாடு போடுகிறவர்கள், குளுக்கோஸ் செயலியை எப்போதும் அனுமதிக்கப்பட்டவற்றின் வரிசையில் சேர்க்காவிட்டால், கட்டுப்பாடு அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

கடிகாரம்

கடிகாரங்களைப் பற்றிப் பேசுமுன் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். ஊசியோ சென்சாரோ இல்லாமல், மணிக்கட்டில் கட்டியவுடன் தானே இரத்தச் சர்க்கரையை அளப்பதாக விளம்பரம் செய்யப்படும் கடிகாரங்களும் மோதிரங்களும் நம்பத் தகுந்தவை அல்ல. 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், அப்படித் தானாக அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி அளிக்கவில்லை என்று அறிவித்து, அவற்றை வாங்க வேண்டாம் என்று எச்சரித்தது. அவை காட்டும் எண்ணை நம்பி இன்சுலின் போட்டுக்கொள்வது உயிருக்கே ஆபத்து. இக்கட்டுரை பேசுவது, உடலில் ஒட்டிய சென்சார் அளந்த எண்ணை வாங்கிக் காட்டும் கடிகாரங்களைப் பற்றி மட்டுமே.

அவை மூன்று விதமாக வேலை செய்கின்றன. கைபேசியில் வரும் அறிவிப்பை அப்படியே மணிக்கட்டில் காட்டுவது முதல் விதம். எந்த ஸ்மார்ட் கடிகாரமும் இதைச் செய்யும், வரம்பைத் தாண்டும்போது மட்டும் தெரியும். கைபேசிச் செயலியின் துணைச் செயலி கடிகாரத்தில் ஓடி, எண்ணையும் அம்புக்குறியையும் வரைபடத்தையும் காட்டுவது இரண்டாம் விதம். கைபேசி அருகில் இல்லாவிட்டால் இது குருடாகிவிடும். கார்மின் கடிகாரங்களில் டெக்ஸ்காமின் எண்ணை ஓட்டப் பயிற்சியின் திரையிலேயே பார்க்க முடிவதும் கைபேசியை நம்பித்தான். சென்சாரே கடிகாரத்தோடு நேரடியாகப் புளூடூத்தில் பேசுவது மூன்றாம் விதம். டெக்ஸ்காம் ஜி7-க்கும் ஆப்பிள் வாட்சுக்கும் இடையே அது 2024 ஜூனில் அமெரிக்காவில் வந்தது; சீரிஸ் 6 அல்லது அதற்குப் பிந்தைய கடிகாரம் வேண்டும். அங்கும் சென்சாரைத் தொடங்கி வைக்க ஐபோன் இல்லாமல் முடியாது. ஓடுகிறவர், கைபேசியை எடுத்துப் போக முடியாத பணியிலிருக்கிறவர் ஆகியோருக்கு இந்த மூன்றாம் விதம் பெரிய வசதி. மற்றவர்களுக்கு இரண்டாம் விதமே தாராளம்.

கடிகாரம் பெரும்பாலும் கைபேசியையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறது. ஆப்பிள் வாட்ச் ஐபோனோடு மட்டுமே இணையும். 2021-இல் வந்த கேலக்ஸி வாட்ச் 4 முதல் சாம்சங்கின் கடிகாரங்கள் ஆண்ட்ராய்டோடு மட்டுமே இணைகின்றன. பிடித்த கடிகாரத்தை முதலில் வாங்கிவிட்டு வந்தால் கைபேசியையும் மாற்ற வேண்டிவரும்.

கடிகார முகப்பில் எந்நேரமும் எண் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் அந்த எண்ணின் வயதையும் பார்க்கப் பழக வேண்டும். பேட்டரியைக் காப்பதற்காகக் கடிகாரங்கள் முகப்பின் மூலையிலுள்ள சிறு கட்டங்களை எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்பதற்கு வரம்பு வைத்திருக்கின்றன. ஒரு மாலை விரைவு நடையின்போது என் கடிகார முகப்பு 118 என்று காட்டிக்கொண்டே இருந்தது. உள்ளங்கை வியர்த்தது, உதடு லேசாக மரத்தது. கைபேசியில் செயலியைத் திறந்தால் 71, அம்பு கீழ்நோக்கி. முகப்பிலிருந்த 118 அரை மணி நேரத்துக்கு முந்தையது; அதைச் சொல்லும் எழுத்தோ நிறமோ அந்த முகப்பில் இல்லை. எண்ணோடு ‘எத்தனை நிமிடத்துக்கு முன்’ என்பதையும் காட்டும் முகப்பையே அதன் பிறகு பயன்படுத்துகிறேன். ஆப்பிள் ஹெல்த் போன்ற பொதுக் கிடங்கிலிருந்து எண்ணை எடுத்துக் காட்டும் மூன்றாம் தரப்புச் செயலிகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். டெக்ஸ்காம் அங்கே தன் தரவை மூன்று மணி நேரத் தாமதத்தோடுதான் எழுதிவந்திருக்கிறது.

ஐபோன் பூட்டியிருந்து கடிகாரம் கையில் கட்டியிருந்தால், சாதாரண அறிவிப்புகள் கைபேசிக்குப் பதிலாகக் கடிகாரத்துக்குத்தான் போகும். பகலில் இது வசதி. மணிக்கட்டின் மெல்லிய அதிர்வுக்கு எழாத ஆழ்ந்த உறக்கக்காரருக்கு இரவில் இது கேடு. ஆகவே இரவில் கடிகாரத்தோடு உறங்குகிறவர்கள், முன்பு சொன்ன சோதனையைக் கடிகாரம் கட்டிய நிலையில் இன்னொரு முறை செய்ய வேண்டும். கடிகாரத்தின் உறக்க முறையும் திரையரங்க முறையும் எதை அடக்குகின்றன என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பேட்டரியைப் பொறுத்தவரை, சீரிஸ் 10 வரையிலான ஆப்பிள் வாட்சின் வழக்கமான மாதிரிகள் 18 மணி நேரத்துக்குக் கணக்கிடப்பட்டவை; இரவில் வேண்டுமென்றால் மாலையில் குளிக்கும் நேரத்திலோ சாப்பிடும் நேரத்திலோ சார்ஜில் போடும் பழக்கம் வர வேண்டும்.

எக்ஸ்டிரிப், நைட்ஸ்கவுட் போன்ற திறமூலச் செயலிகள், நிறுவனங்கள் ஆதரிக்காத பல கடிகாரங்களிலும் எண்ணைக் காட்ட வழி செய்கின்றன. நீரிழிவுள்ள பிள்ளைகளின் பெற்றோரும் நோயாளிகளுமாகச் சேர்ந்து உருவாக்கிய அவை மதிக்கத் தக்க முயற்சிகள். ஆனால் அமைப்பதற்குப் பொறுமையும், ஒரு நாள் திடீரென்று வேலை செய்யாமல் போனால் தானே சரிசெய்துகொள்ளும் திறமையும் வேண்டும். நிறுவனத்தின் செயலியே எச்சரிக்கைக்கு முதன்மையாக இருக்க, இவற்றைக் கூடுதல் சன்னலாக வைத்துக்கொள்வது என் வழக்கம். எந்தச் செயலியானாலும், உடலின் அறிகுறியும் திரையின் எண்ணும் முரண்படும்போது விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சாதாரணக் கருவியே தீர்ப்புச் சொல்ல வேண்டும். சென்சார் அளக்கும் திரவம் இரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கியே மாறுகிறது, வேகமாக இறங்கும் நேரத்தில் அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும்.

கைபேசி மாற்றும் நாள்

புதுக் கைபேசி வந்துவிட்டது என்பதற்காக அன்றே மாற்றிவிடத் தோன்றும். சென்சார் முடியும் நாள் வரை காத்திருப்பதே நல்லது. சில சென்சார்கள் தம்மைத் தொடங்கி வைத்த கைபேசியை விட்டு நடுவில் வேறு கைபேசிக்கு மாறுவதில்லை; மீதமுள்ள நாட்கள் வீணாகும். மாறக்கூடியவற்றுக்கும் கணக்கின் கடவுச்சொல் வேண்டும், டெக்ஸ்காமுக்கு இணைப்புக் குறியீடும் வேண்டும். ஜி7-இன் நான்கு இலக்கக் குறியீடு சென்சாரைப் பொருத்தும் கருவியின் மேல் அச்சிடப்பட்டிருக்கிறது; பொருத்தியவுடன் அதைக் குப்பையில் எறிந்துவிட்டு, கைபேசி தண்ணீரில் விழுந்த அன்று குப்பைத் தொட்டியைக் கிளறுகிறவர்கள் இருக்கிறார்கள். எறிவதற்கு முன் ஒரு படம் எடுத்து, அதைக் குடும்பத்தில் ஒருவருக்கு அனுப்பி வைத்துவிட்டால் அந்தக் கிளறல் மிச்சம். செயலியில் கோளாறு என்றால் அழித்துவிட்டு மீண்டும் நிறுவுவது வேறு செயலிகளுக்குச் சரி. ஓடிக்கொண்டிருக்கும் சென்சாரோடு அப்படிச் செய்தால் சென்சாரையே இழக்க நேரலாம், ஆகவே முதலில் கைபேசியை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

புதிய கைபேசியில் செயலியை நிறுவும்போது, பழையதிலிருந்த எச்சரிக்கை வரம்புகளும் அனுமதிகளும் தாமாக வந்து சேர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பழையதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, பிறகு சாப்பாட்டுக்குப் பின்னான ஒலிச் சோதனையை நடத்தி, புதியதை நம்பி முழுதாக ஓர் இரவு கழியட்டும். பழைய கைபேசியை அதுவரை அழிக்காமல், யாருக்கும் கொடுத்துவிடாமல், சார்ஜ் ஏற்றி அலமாரியில் வைத்திருங்கள்.